அனுமதியில்லாமல் ஏறியவள்

பதினொன்றரை ஆனதுமே வேலூர்க் கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்க ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வெயில்சங்கு ஊதும். அதற்குப் பிறகு நான்கு மணிவரை தெருவில் நடமாடுகிறவனை ஆம்புலன்ஸில்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். சங்கு ஊதினால் வீட்டுக்காரன் வீட்டுக்குள், வழிப்போக்கன் வண்டிக்குள். தெருவோரம் நிற்கும் கார்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் கதவைத் திறந்து, "நிழலுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். உள்ளே உரிமையாளர் இருந்தால் "உட்காருங்க" என்பார். இல்லாவிட்டாலும் குற்றமில்லை. நிற்கும் வண்டிகளெல்லாம் சங்கு நேரத்தில் குளிரூட்டப்பட்டு, பூட்டாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பெயர் நிழலுரிமை.

உரிமை என்றால் அதற்கு வாலும் உண்டு. அருகிலிருக்கும் வண்டியில்தான் ஏற வேண்டும். நல்ல வண்டியாகப் பார்த்து நாலு வண்டியைத் தாண்டிப் போகக்கூடாது. சங்குக்கு முன் ஏறவே கூடாது. உள்ளே குளிர் பரவட்டும் என்று அரை மணி முன்பே குளிரூட்டி ஓட ஆரம்பிக்கும், பூட்டுகளும் தாமாகத் திறந்துகொள்ளும். ஆனால் "திறந்துதானே இருந்தது, ஏறினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "திறந்த கதவு அழைப்பு ஆகாது" என்று ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் எழுதி ஒட்டியிருக்கும். மீறினால் ஒரு வருடத்துக்கு நிழலுரிமை ரத்து.

பூங்கோதைக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அவள் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். தினமும் ஏதாவது ஒரு தெருவில் சங்கு அவளைப் பிடித்துவிடும். நிழலுரிமை போனால் அன்றைக்கே வேலையும் போகும். அப்படிப்பட்டவள், சங்கு ஊத இன்னும் நேரமிருக்கும்போதே, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் நின்றிருந்த ஒரு சாம்பல் நிறக் காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "நிழலுக்கு" என்று சொல்லவில்லை.

"அனுமதி இல்லாத நுழைவு. தயவுசெய்து இறங்கவும்," என்றது வண்டி. அவள் இறங்கவில்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நிழற்காவலுக்குத் தகவல் அனுப்பியிருப்பதாக அறிவித்துவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.

எல்லாம் ஒரு வாசனையால் வந்த வினை. ஒவ்வொரு வண்டியின் குளிர்காற்றுக்கும் ஒரு வாசனை இருக்கும். நாளுக்கொரு வண்டியில் ஒதுங்குகிறவனின் சட்டை நாளுக்கொரு வாசனை அடிக்கும். பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் இளம்பரிதியின் சட்டையில் பங்குனியிலிருந்து எலுமிச்சம்புல் வாசனை மட்டுமே வந்துகொண்டிருந்தது. துவைக்கப் போடும்போதெல்லாம் முகர்ந்து பார்த்து வயிறு எரிந்தாள். கேட்டதற்கு, "ஏதோ ஒரு வண்டி," என்றான். போன வாரம் லீவு போட்டுவிட்டு அவன் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் நின்று பார்த்தாள். அவன் கொளுத்தும் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, வரிசையாக நின்ற வண்டிகளை எல்லாம் தாண்டி, இந்த வண்டிக்கு வந்தான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று அலுத்துக்கொள்கிற மனிதன்.

உள்ளே அதே எலுமிச்சம்புல். அவள் முன்னிருக்கையின் பை, கதவின் இடுக்கு, தரை என்று தேடினாள். ஒரு ஹேர்பின், ஒரு பூ, ஏதாவது ஒரு அசிங்கம் கிடைத்தால் நிம்மதியாகத் திட்டலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சின்னத் தலையணைதான். இளம்பரிதிக்கு இடுப்பில் தொல்லை. இரவில் அவள் ஒரு துண்டைச் சுருட்டி அவன் முதுகுக்கு இடப்பக்கமாகக் கொடுப்பாள். அந்தச் சுருட்டலின் நீளத்துக்கும் கனத்துக்கும் அளவெடுத்தாற்போல யாரோ ஒரு தலையணை தைத்து, இருக்கையின் இடப்பக்கம் வைத்திருந்தார்கள். தையல் நேர்த்தியாக இருந்தது. அது வேறு அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

சங்கு ஊதியது. சற்று நேரத்தில் கதவு திறந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே இளம்பரிதி உள்ளே நுழைந்தான். நுழையும்போதே பேச்சைத் தொடங்கியிருந்தான்.

"அந்தப் பெரியவர் இன்னைக்கும் வந்துட்டார் கிருபா. அதே பத்திரம், அதே சண்டை. ஆனா இன்னைக்குக் கூடையில பூனையையும் போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கார், கேட்டா சாட்சியாம்..."

சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பியவன் மனைவியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பூங்கோதை அவனோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். வீட்டில் அவனாக ஒரு பேச்சைத் தொடங்கி அவள் பார்த்ததில்லை. கேட்டால் பதில் வரும், அதுவும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி. அப்படி ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வருகிறார் என்பதே அவளுக்குத் தெரியாது. இவனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதும் தெரியாது. அவன் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று நினைத்தாள்.

அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வண்டியின் சொந்தக்காரி வந்தாள். தேவகிருபை, குடிநீர் வாரியத்தில் பொறியாளர். காதோரம் நரை, கழுத்தில் அலுவலக அட்டை, வியர்வையில் ஒட்டிய பருத்திப் புடவை. இடம் இல்லாததால் முன்னிருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் "உட்காருங்க" என்றாள். பிறகுதான் யாரென்று புரிந்து முகம் வெளுத்தது. பூங்கோதை அவளை மேலும் கீழும் அளந்தாள். அழகியாக இருந்திருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். இவள் சாதாரணமாக இருந்தாள், அதனால் இன்னும் பொறாமையாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல கோதை," என்றான் இளம்பரிதி. "சும்மா பேசிட்டு இருப்போம். அவ்வளவுதான்."

குற்றமில்லை என்று நிரூபிப்பதாக நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

நிழற்காவலர் சம்சுதீன் வந்து சேர்ந்தபோது மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குளிருடையின் தலைமூடியைக் கழற்றிவிட்டு முன்னிருக்கையில் தேவகிருபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த மின்பலகையை மடியில் வைத்துக்கொண்டார். சங்குக்கு முன் ஏறியது யார் என்று கேட்டார். பூங்கோதை நான்தான் என்றாள். கதவு திறந்திருந்ததால் ஏறினீர்களா, மயக்கம் ஏதும் வந்ததா என்று அவராகவே எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். அவள் எதற்கும் தலையாட்டவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, இளம்பரிதியின் பக்கம் திரும்பினார். அவனது அலுவலக அட்டையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

பதிவு அலுவலகம் அடுத்த தெருவில் அல்லவா இருக்கிறது, இத்தனை வண்டியைத் தாண்டி இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அருகு விதியை மீறியதும் அதே குற்றம்தான். அரசு ஊழியர் என்றால் சஸ்பென்ஷனும் சேர்ந்து வரும். இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டான். பூங்கோதைக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே மூழ்கிப் போகட்டும்.

"அவருக்கு அனுமதி இருக்கு சார்," என்றாள் தேவகிருபை. "பங்குனியில குடுத்தேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாருடைய வண்டியிலும் யாரும் ஏறலாம் என்று ஆன ஊரில், அனுமதி என்பது தங்கத்தைவிட விலை ஏறிப்போயிருந்தது. அனுமதி பெற்றவர் எந்த நேரத்திலும் ஏறலாம், எத்தனை வண்டியைத் தாண்டியும் வரலாம். பெற்ற பிள்ளைகளுக்கே யோசித்துக் கொடுப்பவர்கள் உண்டு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியதும் கதவு தொடுதல் என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்துத் தன் வண்டியின் கதவில் வைப்பான், ரேகை பதிந்து வண்டி மெல்ல ஒலிக்கும், பெண்கள் குலவையிடுவார்கள். இளம்பரிதியும் அப்படித்தான் அவள் விரலைப் பிடித்து வைத்தான். அந்த வண்டியைப் பிறகு விற்றுவிட்டார்கள். வேறு எந்த வண்டிக் கதவிலும் அவள் ரேகை இல்லை. அவனுக்கும் அப்படித்தான் என்று அவள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சம்சுதீன் பலகையில் பார்த்துவிட்டு, ஆமாம், ரேகை பதிவாகியிருக்கிறது, இவர்மேல் குற்றமில்லை என்றார். அவர் இதுபோல நிறையப் பார்த்தவர். பூங்கோதையின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

தேவகிருபை கெட்டவள் இல்லை. அவளுக்குச் சட்டமும் தெரியும். புகார் பதிவாவதற்குள் உரிமையாளர் அனுமதி கொடுத்துவிட்டால் நுழைந்தவர் விருந்தாளி ஆகிவிடுவார், வழக்கே கிடையாது. "இவங்களுக்கும் போட்டுடுங்க சார்," என்றாள் தணிந்த குரலில். சம்சுதீனுக்கும் அதுவே நிம்மதி. கதவின் கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு விரலை வைத்தால் போதும், எல்லோரும் நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

பூங்கோதை கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

"வேலை போயிடும் கோதை," என்றான் இளம்பரிதி. "வீம்பு பிடிக்காத. விரலை வை."

"உங்க பக்கத்துல நான் உட்கார்றதுக்கு அவங்க அனுமதி குடுக்கணுமா?"

பச்சை விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்தது.

"எழுதிக்கோங்க சார்," என்றாள் அவள். "அனுமதி இல்லாமத்தான் ஏறினேன். நிழலுக்கும் ஏறலை."

எதற்காக ஏறினீர்கள் என்பதையும் பதிய வேண்டும் என்றார் சம்சுதீன். அதில்தான் குற்றத்தின் கனமே இருக்கிறது. திருட, சேதப்படுத்த, தொல்லை கொடுக்க என்று சில வகைகள் உண்டு. அவர் மெதுவாகப் படித்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டாள்.

"பொறாமை சார்," என்றாள். "வயித்தெரிச்சல். வேற ஒண்ணும் இல்ல."

அப்படி ஒரு பிரிவு சட்டத்தில் இல்லை. சம்சுதீன் சற்று யோசித்து, இருப்பதிலேயே லேசானது என்று தொல்லையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு மணியிலிருந்து உங்கள் நிழலுரிமை ரத்தாகிறது, அதுவரை சட்டப்படி யாரும் உங்களை இறக்கிவிட முடியாது என்றார். பலகையை மூடவில்லை. "இந்தப் பதிவுல வேற யாராவது ஏதாவது மாத்தணுமா?" என்று பொதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு இளம்பரிதியைப் பார்த்தார்.

பூங்கோதையும் அவனைப் பார்த்தாள். என் ரேகையை அழித்துவிடுங்கள் என்று அவன் சொன்னால் போதும். சொன்னால் அவன்மேலும் குற்றம் வரும், வேலைக்கு ஆபத்து வரும், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் காத்திருந்தாள். தேவகிருபைகூட அவன் சொல்வான் என்று எதிர்பார்த்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கலாம் கோதை," என்றான்.

சம்சுதீன் பலகையை மூடிக்கொண்டு, தலைமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது.