கூடத்தில் ஆள் பூஜ்யம்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனால் தூசி பட்டு மெஷின் மூச்சடைத்துச் செத்துப்போகும் என்று பிளான்ட் மேனேஜர் இராமச்சந்திரன் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். தொண்ணூற்றொன்றில் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மரியாதை அவர் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைத்திருக்காது. அதற்குப் புரோகிராம் எழுதும் ரகுபதி அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். பக்கத்தில் வழக்கம்போல அந்தப் பழுப்புத் தோல் செருப்பும் கிடந்தது. அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த இனியவன், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது விட்டுப்போனது. யாரும் எடுக்கவுமில்லை, எறியவுமில்லை. தூசி அதில் விரல்கடை உயரத்துக்குப் படிந்து, விதைத்தால் கீரை முளைக்கும் போலிருந்தது.

இன்று அந்தத் தூசியில் ஐந்து விரலும் குதிகாலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

ஆயுத பூஜைக்கு, அறையை ஒட்டிய மெஷின் கூடத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் தெறித்திருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

பூஜை மதியமே முடிந்துவிட்டது. கம்பெனி பஸ் ஆட்களையும் பொரிப் பொட்டலங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொன்றும் எட்டு யானை கனமுள்ள, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்கள் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல வரிசையாக விறைத்து நின்றன. முதல் பிரஸ்ஸின் காலடியில் வாழையிலை, அதன்மேல் எல்லோருடைய பித்தளை டோக்கன்களும் குவியலாக. வேலைக்கு வந்தால் டோக்கனைக் கூடத்து வாசல் பலகையில் மாட்ட வேண்டும். இன்று ஒருநாள் டோக்கனுக்கும் ஓய்வு. கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மா பூஜை நேரத்திலேயே அவனுடையதையும் பிடுங்கி இலையில் போட்டிருந்தாள்.

"எனக்கு இன்னிக்கு வேலை இருக்கும்மா."

"மெஷின் தூங்கசொல்லோ தொட்டியானா, அது உன்ன ஒரு ஆளுன்னே மதிக்காது சார். அப்பறம் என்னாண்ட வந்து அழுவாத."

அப்போது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் நாளைக் காலை ஷிஃப்டுக்குள் புதிய புரோகிராம் எல்லா மெஷினிலும் ஓடியாக வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் திருச்சியில் இருக்கும் மனைவி லீலாவை வாலாஜாபாத்துக்குக் கூட்டிவந்துவிடலாம். கம்பெனிக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டில் அவன் தங்கியிருந்த அறையில் அவனோடு பேசுவதற்குப் பல்லி ஒன்றுதான் இருந்தது. அதுவும் போன வாரம் போய்விட்டது.

பில்ட் என்பது, கூடத்திலுள்ள அத்தனை மெஷினுக்கும் புரோகிராமை ஒரே மூச்சில் கட்டி அனுப்பும் வேலை. அதில் ஒரு தந்திரம் உண்டு, இனியவன் செய்து வைத்தது. பில்ட் தொடங்கியதும் ஒரு குட்டிப் புரோகிராம் பொதுவான விவரங்களைத் தானே சேகரித்து ஒரே ஃபைலில் எழுதும். விளக்கு, விசிறி, கதவுப் பூட்டு, இன்டர்காம், பிரஸ் எல்லாம் அந்த ஃபைலில் இருப்பதைத்தான் உண்மை என்று நம்பும். மறுபடி பில்ட் செய்கிறவரை அதுதான் வேதம்.

ரகுபதி பில்ட்டைத் தட்டினான். ஃபைல் வந்தது.

கூடத்தில் ஆள்: பூஜ்யம்.

அடடா என்று தலையில் அடித்துக்கொண்டான். குட்டிப் புரோகிராம் ஆட்களை எண்ணுவது டோக்கன் பலகையைப் பார்த்து. டோக்கன்கள் இலையில் தூங்குகின்றன, பலகை காலி. அது பாவம், பார்த்ததை எழுதிவிட்டது.

ஏசி நின்றது. ஆளில்லாத இடத்துக்குக் குளிர் எதற்கு? அந்த இரைச்சல் அடங்கிய பிறகுதான் கூடம் எவ்வளவு பெரியது என்று காதுக்குத் தெரிந்தது. கற்பூரக் கரியும் மெஷின் எண்ணெயும் உடைத்த பூசணிக்காயும் கலந்த வாடை கதவிடுக்கில் மெல்ல ஊறி வந்தது. கூரைத் தகரம் வெயில் தணிந்து முறுக்கவிழ்ந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. இல்லை, குழாய் இல்லை. ஈரக்கால் வைத்தால் வருமே, அந்தச் சத்தம்.

ஃபைலைத் திறந்து பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டான். முதல் வரியில் இனியவன் எழுதியிருந்தான்: கையால் திருத்தாதே, திரும்ப எழுதிவிடும். மறுபடி பில்ட். திரும்ப எழுதிவிட்டது. பூஜ்யம்.

சரி, முறைப்படியே செய்வோம் என்று கூடத்துக்குப் போனான். கடைசி வரிசை விளக்குகள் அணைந்திருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்வரிசையும் அணைந்தது. இலையிலிருந்து தன் டோக்கனைப் பொறுக்கிப் பலகையில் மாட்டினான். கொக்கி கிளிக்கென்று சொன்னது. ஓடிவந்து தட்டினான்.

கூடத்தில் ஆள்: பூஜ்யம்.

இன்டர்காமை எடுத்து வாசல் கேட்டுக்கு அடித்தான். வாட்ச்மேன் மண்ணாங்கட்டி எடுத்தார்.

"அலோ, யாரு?"

"நான்தான் ரகுபதி. உள்ளே விளக்கெல்லாம்..."

"அலோ! யாருப்பா? பேசு." பிறகு, பக்கத்தில் யாரிடமோ, "காத்து சத்தந்தாங்க்கா வருது. வா, ஒருவாட்டி பாத்துட்டு பூட்டிகினு வந்துடலாம்."

ரகுபதி கூடத்தின் நடுவில் போய் நின்றான். வாசல் வரிசை ஒன்றுதான் எரிந்தது. டார்ச் விளக்கோடு மண்ணாங்கட்டியும், துடைப்பத்தோடு கோவிந்தம்மாவும் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கையை ஆட்டினான். கத்தினான்.

டார்ச் வெளிச்சம் அவன் நெஞ்சில் பட்டது. நிற்கவில்லை. பின்சுவர் வரை போய் வட்டமாக விழுந்தது. வட்டத்தில் நிழல் இல்லை.

"கம்ப்யூட்டர் சாரு இருந்தாரே," என்றாள் கோவிந்தம்மா.

"ஊட்டுக்குப் பூட்டாரு போல. இங்க பாரேன், செருப்ப வுட்டுட்டே பூட்டாரு."

"அந்தப் பழைய சாரும் இப்டித்தான்."

"பட்ச்சவங்க புத்தி அப்டித்தாங்க்கா. வெறுங்காலோட பஸ் ஏறிடுவாங்க." மண்ணாங்கட்டி சிரித்தபடி ரகுபதியின் செருப்பைக் காலால் தள்ளிப் பழுப்புச் செருப்பின் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.

கோவிந்தம்மா பலகையைப் பார்த்தாள். "ஒண்ணு எடுத்து மாட்டிக்கீது பாரு. பூஜைல வெச்சத எடுக்கலாமா?" டோக்கனைக் கழற்றி இலையில் போட்டாள். கிளிக்.

அவள் தோளைப் பிடிக்கப் போனான். கை எதிலும் படவில்லை.

"அம்மா. நான் இருக்கேம்மா."

கதவு மூடியது. பூட்டு விழுந்தது. வாசல் வரிசையும் அணைந்தது.

இருட்டு.

கற்பூர வாடை.

ஈரக்கால் சத்தம். ஒன்றல்ல.

வாழ்க்கையில் ஒருநாளும் அவனுக்குத் துணைக்கு இத்தனை பேர் வந்ததில்லை. மெஷினுக்கு ஒருவராக நின்றார்கள். கண் பழகப் பழகத் தெரிந்தார்கள். யார் காலிலும் செருப்பில்லை. முன்னால் நின்றவன் அவனைவிட இளையவன். சட்டைப் பையில் பேனா, ஈரப் பாதத்தில் பழைய செருப்பின் தூசி. நெற்றியில், மெஷினுக்கு வைத்தது போலவே, குங்குமம். அது இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

அவன் ரகுபதியைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு ஓரடி நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டான்.