பன்னிரண்டு பாட்டில் பீச் கூழ்

அலபாமா வெயில் ஏறுவதற்குள் வீடு சூடாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியை அரசின் உணவு உதவிக் கார்டு கொடுக்காது. அதனால் ஆன்லைனில் போட்ட ஆர்டரைக் கடைக்கே போய் வாங்கிவந்த கென்ட்ரா, பைகளைச் சமையல் மேடையில் கவிழ்த்தாள். பீன்ஸ், சோள மாவு, முட்டை... அடியில் பன்னிரண்டு குட்டிப் பாட்டில்கள். குழந்தைக்கு ஊட்டும் பீச் பழக்கூழ்!

"இந்த வீட்டுல குழந்தை ஏது அத்தை? கடையில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

மாமியார் வெர்னா வழக்கம்போல் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தாம்மா போட்டேன். கார்டுல வாங்கலாம்னு போன்ல காட்டுச்சு... அதான்..."

"நீங்களா!" மருமகளின் கண்கள் குளமாயின. "மூணாம் மாசத்துல கரு கலைஞ்சு போனவ நான். வைத்தியம் பாத்தும் இன்னும் தங்கல. என் கண்ணு முன்னாடியா இதை அடுக்கணும்?"

வெர்னா மறு கையால் பாட்டில்களை ஓரமாக ஒதுக்கினாள். ஐயையோ, இதற்கு இப்படியும் ஓர் அர்த்தமா? பசிக்குப் போட்ட ஆர்டர் அல்லவா இது! பல்செட் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஏன் புதிது கட்டவில்லை என்று கேட்பாளே! அதற்குச் சேர்த்த காசுதான் அவள் வைத்தியத்துக்குப் போனது. தெரிந்தால் இந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாளா?

"ரெண்டு மாசமா பாக்குறேன். நான் வாயத் திறந்தாலே பொத்திக்கிட்டுச் சிரிக்கிறீங்க. மலடின்னுதானே?"

"சிரிக்கிறேனா...? நானா?"

அதிர்ச்சியில் வெர்னாவின் கை தானாக இறங்கியது. மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. வெறும் ஈறு.

கென்ட்ரா கிட்டே வந்தாள். "பல்செட் எங்க?"

"உடைஞ்சு போச்சும்மா."

"புதுசுக்குச் சேத்தீங்களே, அந்தக் காசு...?"

வெர்னாவின் பார்வை கென்ட்ராவின் வயிற்றுக்குப் போனது.

"என் வைத்தியத்துக்குக் கட்டினது ஓவர்டைம் காசுன்னு ரஸ்ஸல் சொன்னாரே! அடப்பாவி மனுஷா..."

"அவனைத் திட்டாதே. பெத்த அம்மா கெஞ்சினா பிள்ளை என்ன செய்வான்? பல்லை எப்ப வேணா கட்டிக்கலாம். உனக்கு வயசு போயிடுமே..."

"அரை வயிறாக் கெடந்தவங்களப் போயி என்ன பேச்சு பேசிட்டேன்!" கென்ட்ரா அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு பாட்டிலைத் திறந்து, கரண்டியில் கூழை அள்ளினாள்.

வெர்னாவின் கை மறுபடி வாய்க்குப் போனது.

"கையை எடுங்க அத்தை. குழந்தை ஏதுன்னு கேட்டேன்ல... இதோ இருக்கு. ஆ காட்டுங்க!"

வெர்னா கையை எடுத்தாள். ஈறு தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள்.