வர முடியாதவர்களுக்கான வீடியோ

தாயின் எழவுக்கு வர முடியாமல் போன ராமிரோ, அந்த எழவு வீடியோவில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பனியன். ஒரு காலில் மட்டும் செருப்பு.

வீடியோக்காரர் எலிசேயோ அவித்த சோளத்தை மென்றபடி கம்ப்யூட்டர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். இந்த ஹிரோன் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் நியூயார்க்கில் பாத்திரம் கழுவுகிறார்கள். முறையான குடியேற்றக் காகிதம் கிடையாது என்பதால் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாது. ஆகவே இங்கே எழவு விழுந்தால் பாதிரியாருக்கு முன்பே வீடியோக்காரர் வந்துவிடுவார். துக்கத்துக்கு வந்தவர்கள் கேமராவையே நியூயார்க்கில் இருக்கும் பிள்ளையாக நினைத்து அதனிடம் ஆறுதல் சொல்வார்கள், அதன் முன்னால் ஒரு தட்டுச் சோறும் வைப்பார்கள். கேமரா சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தட்டு காலியாகத்தான் திரும்பும்.

அப்படி அவரே எடுத்து ராமிரோவுக்கு அனுப்பிய பழைய கேசட் இது. அப்போது அவன் மீசை கறுத்த இளைஞன். திரையில் இருந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

காலையில் கேசட்டைக் கொடுக்க வந்த அவன் தங்கை சோய்லா சொன்னாள்: "அண்ணனைக் காணோம் மாமா. நியூயார்க்ல அவன் ரூம் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு, டிவி ஓடுது, ஆள் இல்ல. 'இதோ வந்துட்டேன்'னு குரல் மட்டும் கேட்டுச்சுன்னு பக்கத்து ரூம்காரர் சொல்றாரு. சாமானோட இதையும் அனுப்பி வச்சாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க."

"உங்கண்ணன் 'இதோ வந்துட்டேன்'னு சொன்னா வரமாட்டான்னுதானே அர்த்தம்?" என்று எலிசேயோ அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். ஊர் வழக்கம் அது. அழைப்பை மறுப்பது மரியாதை இல்லை. இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வார்கள்.

கேசட் முழுவதும் ஓடித்தான் கம்ப்யூட்டருக்குள் ஏறும், அவசரப்படுத்த முடியாது. ஓட்டின்மேல் மழை சீராக இரைந்தது, சமையலறையில் அவர் மனைவி டெல்ஃபினா உருளைக்கிழங்கு சூப்பைக் கிளறும் கரண்டி பானையில் உரசியது, சூடேறிய வீடியோ பெட்டியின் தூசி நாற்றத்துக்குள் உருகும் மெழுகின் வாசனையும் அழுகத் தொடங்கிய பூக்களின் வாசனையும் மெல்லப் புகுந்தன. வீட்டில் யாரும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கவில்லை.

திரையில் கறுப்புச் சால்வை போர்த்திய கிழவி ஒருத்தி கேமராவை நெருங்கினாள்.

"எலிசேயோ தம்பி, மழையில தனியா என்ன பண்றீங்க? உள்ள வாங்க."

பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. சொல் வருவதற்குள் சோளம் தொண்டையில் அடைத்தது. இருமினார். சரியாக வேகாத சோளத்துக்கு ஒரு மனிதன் நன்றி சொல்ல வேண்டிய நாள் அது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எழவு வீட்டிலிருந்த எல்லோரும் அவரையே பார்த்துக் காத்திருந்தார்கள். ராமிரோ மட்டும் தலையை அசைத்தான். வேண்டாம். மறுபடியும், வேண்டாம்.

ஒயர்களைப் பிடுங்கினார். படம் போகவில்லை. பெட்டிக்குள் நாடா சுற்றியது.

"தம்பி, சூப் ஆறுதே." கிழவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு இன்னொன்றை.

இன்னொன்று யாருக்கு?

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

பேசாதே என்று கத்த வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் எந்தச் சொல் வெளியே வரும்? அவருக்கே தெரியவில்லை. கைகளை ஆட்டினார். டெல்ஃபினா பார்க்கவில்லை. நிரம்பிய கிண்ணத்திலேயே கண்ணை வைத்து, சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வந்தாள்.

"டெல்ஃபினா, நீயாவது உள்ள வாம்மா."

"யாருங்க வந்திருக்கிறது?" என்றாள், நிமிராமலே. "இதோ வந்துட்டேன்."

அவள் வாயைப் பொத்த நீண்ட உள்ளங்கையில் சூப்பின் ஆவிதான் பட்டது. கிண்ணம் மேசைமேல் இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

திரையில், முதல் நாற்காலியில் டெல்ஃபினா. ஈரக் கைகள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராக அவரை.

"என்னங்க, எனக்கு இங்க யாரையும் தெரியலையே. நீங்களும் வாங்களேன்."

எலிசேயோ இரு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

அவள் மறுபடி அழைத்தாள். அழுதுகொண்டே அழைத்தாள். அவளுக்குப் பின்னால் கிழவி, காலி நாற்காலியின் தூசியைச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.