பெரம்பூர் வாடகை

“அதுல மதியச் சோறு எங்கங்க?”

ஏஞ்சலின் திடுக்கிட்டுத் திரும்பினாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சின் மறுமுனையில், நனைந்த சட்டையோடு ஒருவன். அவன் பார்வை அவளுடைய கைபேசியில் இருந்தது.

“அடுத்தவங்க ஃபோன எட்டிப் பாக்கறது இன்னா பழக்கம்?”

“தப்புதாங்க. ஆனா அப்பா ரிட்டயர் ஆனப்புறம் மாசச் செலவுன்னு போட்டு, காலையில நாஷ்டா எழுதியிருக்கீங்க, ராத்திரிக்கு எழுதியிருக்கீங்க... மதியம் பட்டினியா?”

பதிலுக்கு வாயெடுத்தவள் பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தாள். அப்பா தாவீது முப்பது வருடமாக மதியம் கம்பெனி கேன்டீனில்தான் சாப்பிடுகிறார். அவளும் அப்படித்தான். வீட்டுச் செலவில் மதியம் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

“எங்க நைனா ரிட்டயர் ஆனப்ப நானும் இதே தப்பப் பண்ணேன்,” என்றான் அவன். “கேன்டீன்ல துன்னு பழகின ஆளுங்க போடற கணக்கு இப்படித்தான் இருக்கும்.”

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள். கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. அந்தக் கண்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்ட கூச்சத்தில் அவன் மழையைப் பார்க்கத் தொடங்கினான்...

பெயர் சபரிநாதன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். பொன்னேரி வரை போக வேண்டும். அவள் அடுத்த ஸ்டேஷனான கவரைப்பேட்டையிலேயே இறங்கிவிடுவாள். ரயிலில் சில நிமிடங்கள்தான். அதனாலோ என்னவோ, மறுநாளிலிருந்து இருவருமே பெஞ்சுக்குச் சீக்கிரம் வந்தார்கள்.

அவளுக்குச் சென்னை பெரம்பூர் அலுவலகத்தில் பதவி உயர்வு வந்திருந்தது. போக ஆசை. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லை. அவரோ மாத முடிவில் ஓய்வு பெறுகிறார். ‘மக சம்பாத்தியத்துல குந்தித் துன்ன மாட்டேன். என் பி.எஃப். பணத்துல சாப்பாடும் பாதி வாடகையும் கடைசி வரைக்கும் வருமான்னு பாரு. வந்தா பெரம்பூருக்கு வர்றேன்.’ அப்பா சொன்னால் சொன்னதுதான்.

கணக்குப் போடச் சபரிநாதன் உதவினான். மாத்திரைச் செலவு, பண்டிகை, வருடா வருடம் ஏறும் விலைவாசி... ஒன்று சொல்வான். பிறகு வெகுநேரம் பேச மாட்டான். அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதில் உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது.

ஒருநாள், தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னான். “பெரம்பூர்ல விசாரிச்சேன். ஒரு பெட்ரூம் ஊடே இருபத்திரண்டாயிரமாம்.”

அவள் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் பணம் அவருடைய அறுபத்தெட்டாவது வயதிலேயே தீர்ந்துபோனது. ஏமாற்றம் கோபமாக வெளியே வந்தது.

“வந்ததுலேர்ந்து ஏத்திக்கினே போறீங்க! ஒரு பொண்ணு மேல போறது பொறுக்கலையா உங்களுக்கு?”

அவன் முகம் வெளுத்தது. ரயில் வந்ததும் மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் பெஞ்சுக்கு வரவில்லை. ‘வராட்டி போகட்டும்’ என்று தினமும் நினைத்தாள். தினமும் ஸ்டேஷன் படிக்கட்டையே பார்த்தாள்...

அலுவலகத்தில் பதில் சொல்லக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை. மறுபடி மழை. குடையில்லாமல் ஓடிவந்து அவள் எதிரில் நின்றான்.

“வாடகை பதினாலாயிரம்தாங்க.” மூச்சு வாங்கியது. “இருபத்திரண்டுன்னது பொய். சரியா போட்டா அப்பாவுக்கு எண்பது தாண்டியும் வருது. நீங்க போலாம்.”

“ஏன் பொய் சொன்னீங்க?”

அவன் தலை குனிந்தான். ரயில் வந்தது. கூட்டம் ஏறியது. ரயில் போயிற்று. இருவரும் அசையவில்லை.

“வண்டி கவரைப்பேட்டை வந்து நீங்க எறங்கினாலே மனசு பேஜாராயிடுது எனக்கு. இதுல பெரம்பூர்னா...”

ஏஞ்சலின் அவன் நனைந்த தலையையே பார்த்தாள்.

“பதினாலுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் மெதுவாக. “போன ஞாயித்துக்கிழமையே அப்பாவ கூட்டிக்கினு போய் ஊடு பாத்துட்டு வந்துட்டேன்.”

அவன் நிமிர்ந்தான். “அப்புறம் ஏன் ஆபீஸ்ல இன்னும் சொல்லல?”

“நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். வராம இருந்திருந்தா திரும்பிப் பாக்காமப் போயிருப்பேன்.”

“இப்ப...?”

“இப்பவும் போவேன்.” அவன் முகம் வாடுவதைக் கண்டு குரல் தழைந்தது. “பொன்னேரிலேர்ந்து பெரம்பூருக்கு வண்டி இல்லையா இன்னா? ஊட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசுங்க. அவரு கறாரு. நீங்க கோயிலு, நாங்க சர்ச்சு... நெறய கேப்பாரு.”

“கேக்கட்டும். எங்க ஊட்லயும் கேப்பாங்க. இன்னான்னு சொல்லட்டும் அவருகிட்ட?”

“மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. இன்னும் சொல்லவே இல்ல நீங்க.”

கூரையில் மழை தணிந்துகொண்டிருந்தது. எப்போதும் தண்டவாளத்தைப் பார்த்தே பேசுகிறவன், முதன்முறையாக அவள் கண்களைப் பார்த்துப் பேசினான்.

“உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு ஏஞ்சலின்... கூடவே இருக்கணும் போல இருக்கு.”

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டாள்.

“எனக்கும்தான்,” என்றாள்.