திருப்பி வைத்த சீட்

பக்கிள் பூட்டியிருந்தது.

காரின் பின்கதவைத் திறந்தவன் குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டான். ஐந்து மாதமாக அந்தக் குழந்தை சீட்டின் வார்களை அவன் பூட்டியதே இல்லை. அவை இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்கும், நடுவில் சிவப்புப் பொத்தானோடு பக்கிள் சும்மா கிடக்கும். காலையில் ஆபீஸுக்கு வந்து இறங்கும்போதுகூட அப்படித்தான் கிடந்தது. இப்போது இரண்டு வார்களும் தோளிலிருந்து இறங்கி வந்து ஒழுங்காகப் பூட்டியிருந்தன. பூட்டிய வார்கள் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவும் இல்லை. ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, முன்னால் உப்பி நின்றன.

'நாமதான் ஏதோ ஞாபகத்துல பூட்டியிருப்போம்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆள் இல்லாத வீட்டில் இருப்பவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

பொத்தானை அழுத்தினான். குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே கெட்டியாகச் செய்த பொத்தான் அது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திய பிறகுதான் 'டக்' என்று விட்டது. வார் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

மணி ஐந்தரை. மேலே தெருவில் இன்னும் வெயில் இருக்கும். தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில் இருந்த அந்தப் பார்க்கிங்கில் காலையும் மாலையும் ஒன்றுதான். கண் சிமிட்டுகிற ஒரு டியூப்லைட், எங்கோ குழாயிலிருந்து விட்டு விட்டுச் சொட்டும் தண்ணீர், ஈர சிமெண்டோடு கலந்த டயர் வாசனை. அதற்குள்ளே காரின் பின்சீட்டிலிருந்து மெல்லிசாக இன்னொரு வாசனை வந்தது. புளித்த பாலும் நமத்துப்போன பிஸ்கட்டும். ஒர்க்‌ஷாப்காரர்கள் காரைத் தேய்த்துக் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆறரைக்கு அவன் மனைவி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். ஐந்து மாதமாக அண்ணன் வீட்டிலேயே இருந்தவள், நேற்று அவளாகவே போன் செய்தாள். "அவ சீட்டு பக்கத்துல ஒரு தடவை உக்காரணும். அப்புறம் முடிஞ்சா நம்ம வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வருவதற்குள் அந்தச் சீட்டைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

சீட்டைக் கடையில் பொருத்திக் கொடுத்த பெண் அன்றைக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். "ரெண்டு வயசு வரைக்குமாவது குழந்தை முகம் காரோட பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கணும் சார். கார் எதுலயாவது மோதினா அப்பதான் முதுகு முழுக்க அடியை வாங்கும். முன்னாடி பார்த்து உக்காந்தா கழுத்து தாங்காது. குண்டு ஸ்வெட்டரோட பூட்டாதீங்க, வார் லூசாயிடும். விபத்துல மாட்டின சீட்டை மறுபடி தொடவே கூடாது, வாரை அறுத்துட்டுத் தூக்கிப் போட்டுடுங்க." அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தான்.

மகளை அவர்கள் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டார்கள். எடை ஒன்பதரைக் கிலோ, அழுகைக்கு மட்டும் லாரி ஹாரன் தோற்கும். தினமும் காலையில் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. பின்னால் அவள் அழுவாள். அவனுக்குத் தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் முதுகு ஒன்றுதான். எதற்கு அழுகிறாள், தூங்கிவிட்டாளா, சிரிக்கிறாளா, ஒன்றும் தெரியாது. முக்கால் மணி நேரம் காருக்குள் தன்னந்தனியாக இருப்பதுபோல் இருக்கும். பதினான்காவது மாதத்தில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், சீட்டை முன்பக்கமாகத் திருப்பிவிட்டான். அவ்வளவுதான், அழுகை நின்றது. ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த கண்ணாடியில் முகம் முழுசாகத் தெரிந்தது. இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள். தினமும் காலையில் தெருமுனை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டித் திருப்புவான், சாயங்காலம் வீடு வருவதற்குள் பழையபடி திருப்பி வைத்துவிடுவான். பதினோரு நாள் இப்படி ஓடியது.

பன்னிரண்டாம் நாள் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் குழந்தையை அவனே வெளியே எடுத்துவிட்டிருந்தான். மறுநாள் நசுங்கிய காரிலிருந்து சீட்டைக் கழற்றியதும் அவனே. "கழுத்து" என்றார் டாக்டர். சீட் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "பின்னாடி பார்த்துத்தான் இருந்தா" என்றான்.

அன்றைக்குக் குளிர். குண்டு ஸ்வெட்டரைக் கழற்றாமல் மகளைச் சீட்டில் வைத்துப் பூட்டி அனுப்பியது மனைவி. அது ஒன்றைத்தான் ஐந்து மாதமாக அவள் நெஞ்சில் போட்டு மறுகிக்கொண்டிருக்கிறாள். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் பாரம் இறங்கிவிடும். சொன்னால் அவள் திரும்பி வரமாட்டாள். அவன் கோழை. அது அவனுக்கே தெரியும்.

கார் சரியாகி வந்ததும் சீட்டை எடுத்து, கடைசி நாள் இருந்தபடியே முன்பக்கம் பார்த்து மாட்டிவைத்தான். வெறும் சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போய் வந்தான். கேட்பாரில்லை.

இப்போது சீட்டை விடுவித்துத் தூக்கினான். ஏழு கிலோ சீட் அது, ஒரு கையால் தூக்கியிருக்கிறான். இன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. திருப்பி வைத்தான். கார் பெல்ட்டை அடித்துளை வழியாகக் கோத்து, முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி அழுத்தி, பெல்ட்டை இழுத்தான். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஏதோ நெளிந்தது.

காலை வெடுக்கென்று எடுத்தான். சீட்டில் ஒன்றுமில்லை. துணி உறை மட்டும் மெதுவாக மேலே எழும்பியது.

சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவே இல்லை. பக்கவாட்டில், சாய்வு சரியா என்று காட்டும் நீர்மட்டக் குமிழ் மட்டும் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாகப் போய் வந்தது. உள்ளே ஒருவர் அசைந்து உட்கார்ந்தால் அது அப்படிப் போய் வரும்.

போன் அடித்தது.

"வந்துட்டேன். பஸ் சீக்கிரமே வந்துடுச்சு" என்றாள் மனைவி. குரல் கம்மியிருந்தது.

"அங்கேயே இரு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

"ஒண்ணு கேக்கட்டுமா? வண்டியில ஏறினப்புறம் கேக்க எனக்குத் தைரியம் வராது. அந்த ஸ்வெட்டரைக் கழட்டாம பூட்டினேனே... அதனாலதானா?"

குழாய் சொட்டியது.

"சீட்டு சரியாத்தானே இருந்துச்சு? ஒரே ஒரு தடவை நேரா சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

சொல்லிவிடு என்றது மனசு. இந்த ஒரு தடவை சொல்லிவிடு. அவன் கண் முன்னால் சமையலறை மேடையில் ஒற்றையாகக் கிடக்கும் தன் தட்டு வந்து நின்றது.

"சரியாத்தான் இருந்துச்சு," என்றான். "பின்னாடி பார்த்துத்தான் இருந்தா."

அந்தப் பக்கம் அவள் சத்தமில்லாமல் அழுவது கேட்டது. அப்புறம் போன் நின்றது.

டக்.

பின்சீட்டில் பக்கிள் பூட்டும் சத்தம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினான். முன்னால் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். மேலே ஏறும் சரிவில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது, வழக்கத்தைவிடக் கனத்தோடு. வெளியே போய்விட்டால் போதும். வெளிச்சம். ஜனங்கள்.

தொப்.

பின்சீட்டின் சாய்மானத்தில் ஏதோ உதைத்தது. தொப். தொப். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்களில் சுண்டெலி இப்படித்தான் குதிகாலால் உதைத்துக்கொண்டே வருவாள்.

உதை நின்றது.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது.

பார்த்தான்.

பிளாஸ்டிக் முதுகு. அவ்வளவுதான். மூச்சு விட்டான். சரியாகத்தான் திருப்பியிருக்கிறான். அவளுக்குச் சந்தேகம் வராது.

பிளாஸ்டிக்கின் மேல் விளிம்பில் கொஞ்சம் முடி தெரிந்தது. பிறகு நெற்றி.

சீட் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தது. காரின் பின்கண்ணாடியில் விழுந்த பிம்பத்தில் வார்கள் இறுக்கமாகப் பூட்டியிருந்தன. சின்னக் கால்கள் இரண்டும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

முகம் மட்டும் முழுசாக இந்தப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் அவனைப் பார்த்து இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது.