ஒரு விநாடி நின்றால் விழும் எழுத்து

திரையில் ‘காப்பி’ என்ற சொல் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் முழுசாக இருந்தது. வனஜாவுக்கு முதன்முதலில் உறுத்தியது அதுதான்.

இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று அவள் கணவர் சிவராமகிருஷ்ணனைத் தெரியாதவர்கள்தான் கேட்பார்கள். வங்காளத்துக்கு வந்து ரயில்வேயில் தந்திப் பிரிவிலேயே காலம் தள்ளியவர். ஒரு எழுத்து கூடுதலாகச் செலவானால் சொத்தே போய்விட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, மகள் நந்திதா நியூ டவுனிலிருந்து தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டாக்குரியா வீட்டில் அவர் கட்டிலின் இடது பக்கம் வைத்துக் கொடுத்தாள். விசைப்பலகை திரைக்குள்ளேயே கட்டம் கட்டமாக விரியும். இடது கையால் மவுஸைத் தள்ளி, அம்புக்குறியை ஒரு எழுத்தின்மேல் நிறுத்தினால் போதும், அழுத்தக்கூட வேண்டாம். ஒரு விநாடி நின்றால் அந்தக் கட்டம் கறுக்கும், ‘டிக்’ என்று சத்தம் வரும், எழுத்து மேலே விழும். அவர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார். காப்பிக்குக் கே, பி, ஐ. தண்ணீருக்கு டி, என், ஐ. அதுவே பெரிய தாராளம்.

அப்படிப்பட்டவர் இப்போது, அதே இங்கிலீஷ் எழுத்தில், ‘வனஜா, எனக்குக் கொஞ்சம் காப்பி தருகிறாயா?’ என்று எழுதியிருந்தார். தருகிறாயாவாம்! கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல்.

ஆனால் உறுத்தல் நீடிக்கவில்லை, சந்தோஷம் அதை மூடிவிட்டது. தேறி வருகிறார் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுக்கத் திரையில் நீள நீளமாக வாக்கியங்கள் வந்தன. சமையலறையிலிருந்து அவள் வருவதற்குள் ஒன்று தயாராக இருக்கும். ‘இன்று ரசம் நன்றாக இருந்தது.’ ‘உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?’ ஒருநாள், ‘நீ மிகவும் நல்லவள், வனஜா’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இந்த வீட்டில் தன்னோடு பேச ஒரு ஆள் திரும்பி வந்துவிட்டதை நினைத்து வந்த அழுகை அது.

ரத யாத்திரை அன்று மத்தியானம் லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது வானம் கறுத்துக் கிடந்தது. சந்தில் குழந்தைகள் காகிதம் ஒட்டிய சின்னத் தேர்களை இழுத்துக்கொண்டு மணியடித்தார்கள். எங்கிருந்தோ அப்பளம் பொரிக்கிற எண்ணெய் வாசனை வந்தது. ஆயா ஷெஃபாலி புடவை மாற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மேளாவுக்குப் போக அவளுக்கு அவசரம்.

“தாதா பூராத் தூக்கம்தான் பௌதி” என்றாள் வங்காளியில். அவளுக்கு அவர் அண்ணன், வனஜா அண்ணி. “நீங்க போனதுலேர்ந்து ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

“சரி, நீ கிளம்பு. மழை வந்துடப் போறது” என்று அனுப்பிவிட்டு வனஜா உள்ளே வந்தாள்.

அறையில் டெட்டாலும் பவுடரும் ஈரச் சுவரும் கலந்த வாசனை. மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சிவராமகிருஷ்ணன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். திரையில் மூன்று வரி இருந்தது.

‘மழைக்கு முன்னால் வந்துவிடு. ஆயாவை அனுப்பிவிடு. நாம் இரண்டு பேர் போதும்.’

தூங்கிக்கொண்டிருந்தவர் இதை எப்போது எழுதினார்? ஷெஃபாலிதான் கண்ணசந்திருப்பாள், பொய் சொல்கிறாள் என்று வனஜா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வரியைப் படிப்பதற்கு முன்பே ஆயாவை அனுப்பியாகிவிட்டது என்பது அவளுக்கு என்னவோ செய்தது.

அப்போது அவருடைய இடது கை மவுஸை நோக்கி ஊர்ந்தது. விரல்கள் நடுங்கின. அம்புக்குறி தடுமாறித் தடுமாறி ஒரு எழுத்தைத் தொடுவதற்குள் அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. டிக். மறுபடி ஒரு அலைச்சல். டிக். வழி தவறி வேறெங்கோ போய்த் திரும்பியது. டிக். கடைசியில் கை சோர்ந்து விழுந்தபோது திரையில் நாலைந்து எழுத்துதான் இருந்தது. என், என், ஒரு இடைவெளி, ஐ, எல், ஐ.

நான் இல்லை.

வனஜா புடவைத் தலைப்பை எடுத்தாள். “ஏன்னா, என்ன பேச்சு இது? இல்லாம எங்க போயிட்டேள்? இதோ என் கண்ணு முன்னாடி இருக்கேளே!” என்று அவர் நெற்றியைத் துடைத்தாள். அவர் கண்கள் அவளைப் பார்த்தன, திரையைப் பார்த்தன, மறுபடி அவளைப் பார்த்தன. தப்பான ரயிலில் ஏறிவிட்டவளை நடைமேடையில் நின்று பார்க்கிறவரைப் போல ஒரு தவிப்பு. அவள் அந்தக் கையை மவுஸிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்து, ஓரங்களை இறுக்கிச் செருகினாள்.

கூடத்துக்கு வந்து நந்திதாவுக்கு போன் போட்டாள்.

“அப்பா ரொம்ப மனசு விட்டுட்டார்டி. நான் இல்லைன்னு எழுதறார்.”

“அரே மா, நீ டென்ஷன் ஆகாதே. டிப்ரெஷன் வரும்னு டாக்டர் சொன்னாரே.”

“தூங்கறச்சேகூட எழுதியிருக்கார்னு தோணறது.”

“மவுஸ்ல தூசி இருந்தா அம்பு தானா நகரும்மா. எங்கயாவது நின்னா எழுத்து விழும், அவ்ளோதான்.” நந்திதா சிரித்தாள். “ஆனா தானா வாக்கியமெல்லாம் எழுதாது, பயப்படாதே. வரச்சே புது மவுஸ் வாங்கிண்டு வரேன்.”

ரிசீவரை வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. சந்தில் மணிச் சத்தம் ஓய்ந்து, குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மழை இரைச்சலுக்கு நடுவே உள்ளறையிலிருந்து அது கேட்டது. டிக். டிக். டிக். தடுமாற்றமில்லாமல், ஒரே சீராக, கைதேர்ந்த ஒருவர் எழுதுவதைப் போல.

கையைப் போர்வையிலிருந்து உருவிக்கொண்டாரா? நல்லதுதான், எழுதட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

போர்வை அவள் செருகினபடியே இருந்தது. ஓரம் கலையவில்லை. கை உள்ளேதான் இருந்தது. மேஜைமேல் மவுஸ் அசையாமல் கிடந்தது.

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து வெளுத்தன. எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன.

‘அவர் சொல்வதைக் கேட்காதே.’

அவர்.

வனஜா அங்கேயே நின்றுவிட்டாள். யார் இந்த ‘அவர்’? எழுதுகிறவர் அவர் என்றால், அவரைப் பற்றி அவரே எதற்கு இப்படி எழுதுகிறார்? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான் இல்லை. செத்துப் போனதைச் சொல்லவில்லை. நம்பிக்கை விட்டுப்போனதைச் சொல்லவில்லை. இதை எழுதுவது நான் இல்லை என்று அந்த மனிதர் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சொல்லியிருக்கிறார். தெரிந்த மொழியில் ஒரு சின்னச் சொல்லைத் தப்பாகப் படித்து, அவர் கையையும் கட்டிவைத்துவிட்டு அவள் போன் பேசப் போய்விட்டாள்.

அவள் போர்வையை உதறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது நீங்க இல்லையா? இல்லேன்னா ஒருதரம் கண்ணை மூடுங்கோ.”

அவர் கண்களை இறுக மூடினார்.

“இந்த வாரம் பூராவுமா?”

மூடினார்.

“என்னை நல்லவள்னு எழுதினது?”

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. பிறகு மெல்ல மூடினார்.

டிக். டிக். டிக். அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

‘நான் போய்விட்டால் இந்த வீட்டில் உன்னோடு யார் பேசுவார்கள்?’

ஓர் எழுத்து குறையாமல். கனிவாக. அவள் பிளக்கை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டின கை நின்றது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றது. நாளைக்குக் காலையில் இந்தத் திரை வெறும் கறுப்பாக இருக்கும், ரசம் எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பு அவளைப் பிடித்து நிறுத்தியது.

ஒரு விநாடிதான் நின்றிருப்பாள்.

டிக்.

திரையில் எந்தக் கட்டமும் கறுக்கவில்லை. எந்த எழுத்தும் விழவில்லை. நின்றது அம்புக்குறி இல்லை, அவள்.

பிளக்கைப் பிடுங்கினாள். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது, திரை அணையவில்லை. மண்டியிட்டு மேஜைக்கடியில் தடவி அதன் பொத்தானை அழுத்தினாள். அழுத்திப் பிடித்தாள். பீப் நின்றது. திரை செத்தது.

மழை. மின்விசிறி. தூரத்தில் டாக்குரியா ஸ்டேஷனுக்குள் ஒரு லோக்கல் நுழைகிற சத்தம். வேறெதுவும் இல்லை.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவர்மேல் சாய்ந்து அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். “போயிடுத்துன்னா. ஒண்ணுமில்லை. நீங்க கேபிஐன்னே எழுதுங்கோ, எனக்கு அது போதும்” என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகில் ஏதோ பட்டது.

ஒரு விரல் நுனி. குளிர்ந்திருந்தது. இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் வந்து நின்றது. ஒரு விநாடி நின்றது. அழுத்தியது. நகர்ந்தது. இடது தோள் பக்கம் ஏறி, நின்றது. ஒரு விநாடி. அழுத்தியது.

இடது கை அவள் கைகளுக்குள் இருந்தது. அவள் முதுகுப் பக்கம் கிடந்தது பக்கவாதம் வந்த அன்றே மரத்துப்போன வலது கை.

அது தடுமாறவில்லை. நடுங்கவில்லை. அவள் முதுகே விசைப்பலகை என்பதைப் போல, எந்த எழுத்து எங்கே என்று அதற்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று நினைத்தும் அவளுக்கும் தெரிந்தது. வி. ஏ. என். ஏ.

சிவராமகிருஷ்ணன் கண்களை இறுக மூடினார். திறந்தார். மறுபடியும் இறுக மூடினார். திறந்தார். மூடினார்.

விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.