சிவப்புக் கைப்பிடி

பகல் மூன்று மணி. இன்ஸ்பெக்டர் அம்மா கொட்டகைக்குள் நுழைந்தபோது, கட்டிலில் கிடந்தவரின் தலையைப் போர்வையால் மூடியிருந்தார்கள். கட்டிலை ஒட்டி ஒரு பழைய ராணுவ கேன் சாய்ந்து கிடந்தது. உள்ளே நிறையப் பெட்ரோல். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

இறந்தவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பின் பழைய கேன்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். வேடிக்கை பார்க்க அல்ல. வீட்டு ஜெனரேட்டருக்கு இன்றும் அவற்றில்தான் பெட்ரோல். சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கக் கேன்கள். மதியம் வீட்டில் இருந்தது மனைவியும் மகனும் மட்டும். வெளிக்கதவு உள்தாழ் போட்டிருந்தது.

தகவல் கேட்டு வந்த அண்ணன் முதுகு வளையாத மனிதர். மேலிருந்து கேன் விழுந்தது, தூங்கியவன் போய்விட்டான், இன்றே அடக்கம் முடிய வேண்டும் என்றார். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பலகைக் கேன்களைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் காலி.

"நிறைஞ்ச கேனை மேல வைப்பாரா ஐயா?"

"என் தம்பியா? பட்டாளத்து ஒழுங்கு. நிறைஞ்சது தரையிலதான்." சொன்னபின்தான் உறைத்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

கொட்டகை வாசல் வெயிலில் நான்கு கேன்கள் காய்ந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று கைப்பிடிகள். நடுவில் உள்ளதில் மட்டும் புதுச் சிவப்புப் பெயின்ட். பெட்ரோலுக்கு அடையாளமாகக் காலையில் இறந்தவரே பூசியது. வரிசையில் ஓர் இடம் காலி. மண்ணில் ஒரு சிவப்புச் சொட்டு.

இன்ஸ்பெக்டர் உள்ளே திரும்பி, கிடந்த கேனின் நடுக் கைப்பிடியைத் தொட்டார். விரலில் ஒட்டியது. அவர் விரல் பட்ட இடம் தவிரப் பெயின்ட் கலையவே இல்லை.

மகன் முன்னால் வந்தான். வலது கையில் மாவுக்கட்டு.

"நான்தான் மேடம். தனியாத்தான். இடது கையால தூக்கிட்டு வந்து போட்டேன்."

"வாயை மூடுடா," என்றார் பெரியப்பா.

இன்ஸ்பெக்டர் அவன் இடது கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கழுவிவிட்டேன் என்றான்.

"கையைக் கழுவலாம் தம்பி. நடுக் கைப்பிடியில கலையாம இருக்கிற ஈரப் பெயின்ட்டை என்ன பண்ணுவே? நிறைஞ்ச கேனை ஒத்தைக் கையால தூக்கினா நடுவிலதான் பிடிக்கணும். ஓரத்துல பிடிச்சா சாயும். ஓரம் ரெண்டும் ரெண்டு பேர் சேர்ந்து தூக்கறதுக்கு."

கதவோரம் நின்ற தாய் உள்ளே வந்தாள். தான் மட்டும் இரண்டு கையாலும் தூக்கியதாகவும், பையனை விட்டுவிடும்படியும் கேட்டாள். இன்ஸ்பெக்டர் அவளுடைய மெலிந்த மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"உங்களால அதைத் தரையை விட்டுக் கிளப்பக்கூட முடியாதும்மா."

ஆளுக்கொரு ஓரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே கணவர்தான் என்றாள். முதலில் அவரும் அவளும் தூக்கினார்கள். மகன் வளர்ந்ததும் அவனும் அவளும். இன்று கேனருகே போனதும் கை தானாக ஓரத்துக்குப் போயிற்று.

"ஏன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன வருஷம் என் பொண்ணு எரிஞ்சு போனா. கேன் கசிஞ்சு தீப்பிடிச்சுது. மூடியில இருக்கிற வாஷரை மாத்துங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். பட்டாளத்து அசல், மாத்தினா மதிப்புப் போயிடும்னாரு. ஸ்டவ் வெடிச்சுதுன்னு ஸ்டேஷன்ல சொன்னது இதோ இவரு, குடும்ப மானத்துக்காக." மைத்துனரைப் பார்க்காமலே சொன்னாள். "இந்தக் கேன்தாம்மா அது. தூக்கிப் போடுவாருன்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில பெட்ரோல் ஊத்தி, புதுசா பெயின்ட் அடிச்சு வச்சாரு."

மகன் தரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அவ்வளவு உசரத்துலேருந்து போட்டோம். ஒரு சொட்டுக் கசியல பாருங்க," என்றாள் தாய். "நான் கெஞ்சினப்போ மாத்தாதவரு, அவ போன மறுவாரமே வாஷரை மாத்திட்டாரு."

அண்ணன் குனிந்தார். கேன் மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.